யன்னலால் வந்த பூச்சி

திரியாய்
02.04.1963

தம்பி பாக்கியரத்தினத்துக்கு அக்கா சிவக்கொழுந்து எழுதுவது.

நான் சுகம் என்று எழுதினால் அது பொய். முழங்கால் வீக்கம் வத்தவில்லை. எள்ளு விதைச்சாச்சு, முளையும் வந்திட்டுது. உன்ரை அத்தான் இல்லாமல் விதைச்ச முதல் எள்ளு.

அவரின்ரை முதல் வருச ஆட்டைத் திவசம் வைகாசித் தேய்பிறை அட்டமியில் வருகுது. ஐயர் பார்த்துச் சொன்னவர், மே மாதம் பதினாறாம் திகதி, வியாழக்கிழமை. நீ இரண்டு நாள் முந்தி வரவேணும். இப்ப கொஞ்ச நாளாய்ச் செய்யிறது போல முதல் நாள் பின்னேர பஸ்ஸில் வந்து அடுத்த நாள் காலமை பஸ்ஸைப் பார்க்கிற வேலை வேண்டாம்.

ஒன்று சொல்லிவிடுறன். பத்மாசனி வரமாட்டாள். நான் வரவிடமாட்டன். என்ரை ஒரே மகன்ரை பெண்சாதிதான், அதுக்கு நான் என்ன செய்ய? பொழுதுபட முன்னமே நான் கொளுக்கி போட்டு வைச்ச யன்னலைத் திறந்து, முதுகில மண்டையோட்டு அடையாளம் போட்ட, சாவு சொல்ல வாற அந்தப் பூச்சியை நோயாளியின்ரை அறைக்குள்ளை விட்டவள் அவள். விடிய, வாடகைக்குப் பிடிச்ச லாபிரின்ரை கார் வாசலில் வந்து நிக்குது, பெரியாசுப்பத்திரிக்குப் போகமாட்டன் எண்டு அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திட்டார். கார் வெறுமையாய்த் திரும்பிப் போனது. நீயும் பக்கத்தில நிண்டனீ. அஞ்சாம் நாள் எல்லாம் முடிஞ்சுது.

பத்து மாதமாய் அவள் நிலாவெளியில் தாய் தேப்பனோட இருக்கிறாள். இருக்கட்டும். மகன் கனகரத்தினம் ஞாயிற்றுக்கிழமையில சைக்கிளில போய்ப் பார்த்திட்டு வாறான். நான் கேக்கிறதில்லை.

வரும்போது டவுனில் நல்ல சாம்பிராணி வாங்கி வா.

அக்கா


உப்புவெளி, திருகோணமலை
07.04.1963

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. சாம்பிராணி வாங்கி வைத்துவிட்டேன். திவசத்துக்கு இரண்டு நாள் முந்தியே வருவேன்.

பத்மாசனியைப் பற்றி நீங்கள் எழுதியதை நாலு தரம் வாசித்தேன். உங்கள் வீட்டு விஷயத்தில் நான் தலையிடக்கூடாது என்று தெரியும். ஆனாலும் அந்தப் பூச்சியைப் பற்றி மட்டும் எனக்குத் தெரிந்ததை எழுதலாம் என்று நினைக்கிறேன். துறைமுகத்துப் பண்டகசாலையில் கிளாக்கராக இரவு வேலை செய்த காலத்தில் விளக்கடிக்கு வரும் பூச்சிகளைக் குறித்து வைக்கப் பழகியவன் நான். அந்தப் பழக்கத்தை நீங்கள் எவ்வளவு பகிடி பண்ணியிருக்கிறீர்கள் என்பதும் நினைவிருக்கிறது.

அது ஒரு அந்துப்பூச்சி. இரவில்தான் பறக்கும். சிறகை விரித்தால் என் கையின் சாண் அளவில் அரைவாசி வரும். முன் சிறகு நனைந்த மரப்பட்டை நிறம். பின் சிறகு மஞ்சள், அதில் கறுப்புக் கோடுகள். உடம்பும் மஞ்சள்தான், நடுவில் நீலச் சாம்பலாக ஒரு வரி ஓடும். கழுத்துக்குப் பின்னால் மயிர் அடர்ந்த இடத்தில் வெளிர் மஞ்சளாக ஒரு அடையாளம் இருக்கிறது. அதில் உள்ள இரண்டு கறுப்புப் புள்ளியும் சேர்ந்து பார்ப்பவருக்கு மண்டையோடு போலத் தெரியும். ஒவ்வொன்றிலும் அது இருக்கும், வண்ணத்துப்பூச்சியின் புள்ளியைப் போல. யாருக்கும் செய்தி கொண்டுவர அதைப் போட்டுக்கொண்டு வருவதில்லை. தொட்டால் கீச்சென்று கத்தும். வாயால் காற்றை ஊதுகிற சத்தம் அது. எலிக்குஞ்சின் சத்தம் போல இருப்பதால் கேட்பவர்கள் பயந்துவிடுகிறார்கள்.

இதன் புழுவை உங்களுக்குத் தெரியும். எள்ளுச் செடியில் கைவிரல் மொத்தத்தில் கிடக்குமே, பச்சை உடம்பில் சரிவான நீலக் கோடுகளும் வாலில் சுருண்ட கொம்பும் உள்ளது, அதுதான். அத்தான் அதைத் தடியால் எடுத்துக் கோழிக்குப் போடுவார்.

போன கிழமை சந்தையில் குறிஞ்சாக்கேணி முத்தலிப்பைக் கண்டேன். தேன் விற்கிறவர், அத்தானின் மருந்துக்கும் அவரிடம்தான் வாங்கினோம். அவரிடம் இந்தப் பூச்சியைப் பற்றிக் கேட்டேன். சிரித்தார். “கிளாக்கர் ஐயா, அது பெரிய கள்ளன். தேனீயிட கூட்டுக்குள்ள பூந்து குடிச்சிப்போட்டுக் குடிகாரன் மாதிரிக் கிடக்கும். அதுக்கு எமனும் தெரியா, உசிர் எடுக்கிற மலக்கும் தெரியா. தேன் மணம் ஒண்டுதான் தெரியும்” என்றார்.

அத்தானின் கட்டிலருகே பரியாரியார் கொடுத்த மருந்து தேனில் குழைத்தபடி சிரட்டையில் இருந்தது. இதை நினைத்துப் பாருங்கள் அக்கா. நான் பிழையாகவும் இருக்கலாம்.

தம்பி
பாக்கியரத்தினம்


திரியாய்
13.04.1963

தம்பி,

நான் திவசத்தைப் பற்றி எழுத நீ புழுவைப் பற்றி எழுதுறாய். கிளாக்கர் ஐயாவின்ரை பூச்சிப் பாடம் வாசிச்சு என்ரை முழங்கால் வீக்கம் வத்திப் போச்சுது, மெத்தப் பெரிய உபகாரம்.

தேனுக்கு வந்ததோ தேங்காய்க்கு வந்ததோ, யன்னல் பூட்டிக் கிடந்திருந்தால் வந்திருக்குமோ? அதுக்கு மறுமொழி சொல்லு.

நேற்று பத்மாசனியின்ரை தேப்பன் வந்தவர். கருவாடு ஒரு பார்சல் கொண்டுவந்து வாசலில் வைச்சுப்போட்டுக் கதிரையில இருக்கமாட்டன் எண்டு நிண்டபடி கதைச்சவர். “சம்மந்தி, ஆட்டைக்கு என்ரை பிள்ளையைக் கூப்பிட்டால் வருவாள். கூப்பிடாட்டில் இனி இந்த வாசல் மிதிக்கமாட்டாள். உங்கடை மகன் எங்கை இருக்கிறது எண்டதை அவர் தீர்மானிக்கட்டும்” எண்டவர். கருவாட்டைத் திருப்பிக் குடுத்தனுப்பினன்.

கனகரத்தினம் இரவு சாப்பிடவில்லை. “அம்மா, அவள் ஐயாவுக்கு மூச்செடுக்க ஏலாமல் இருக்குது எண்டுதானே திறந்தவள்” எண்டான். பத்து மாதத்தில முதல் தரம் வாய் திறந்திருக்கிறான். எனக்கும் ஆர் மேலயாவது ஆத்திரப்படத்தானே வேணும்.

வருசப்பிறப்புக்கு என்ரை கையால முதல் காசாய்க் கைவியளம் வாங்க நீ வராமல் விடுறது இதுதான் முதல் தரம்.

அக்கா


உப்புவெளி
20.04.1963

அன்புள்ள அக்காவுக்கு,

யன்னல் பூட்டிக் கிடந்திருந்தால் வந்திருக்குமோ என்று கேட்டிருந்தீர்கள். அந்த வரியை வாசித்து ஐந்து நாளாகிறது. இந்தக் கடிதத்தை மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். இதைக் கிழிக்காமல் தபாற்பெட்டியில் போட வேண்டும் என்பதற்காக முத்திரையை முதலே ஒட்டி வைத்திருக்கிறேன்.

யன்னல் பூட்டிக் கிடந்திருந்தாலும் அது வந்திருக்கும். அது யன்னலால் வரவில்லை.

சென்ற வருடம் சித்திரை வருடப்பிறப்புக்கு வந்து உங்களோடு தங்கினேன். ஏப்ரல் 29ஆம் திகதி எள்ளுக்குள் இந்தப் புழு ஒன்றைப் பிடித்தேன். நன்றாக வளர்ந்தது, நாலரை அங்குலம். பிஸ்கட் தகரத்தில் அரைவாசிக்கு ஈரமண் போட்டு, எள்ளிலை வைத்து, மெல்லிய வெள்ளைத்துணியால் வாயைக் கட்டி வைத்தேன். ஆறு நாள் இலை தின்றது. ஏழாம் நாள் தின்பதை நிறுத்தியது. பச்சை நிறம் மங்கி அழுக்கு மண்ணிறமாகியது. தகரத்துக்குள் அமைதியில்லாமல் சுற்றிவந்தது. நோய் என்று நினைப்பார்கள், நோயில்லை. மே 6ஆம் திகதி மண்ணுக்குள் இறங்கிவிட்டது. உள்ளே தன் உடம்பால் மண்ணை நெரித்து ஒரு சிறு அறை செய்து, தோலைக் கழற்றிவிட்டுக் கூட்டுப்புழுவாகக் கிடக்கும். செம்மண்ணிறம், எண்ணெய் பூசியது போல மினுங்கும். உள்ளே எல்லாம் கரைந்து வேறொன்றாகும். வெளியே அசைவிருக்காது.

அடுத்த நாள்தான் அத்தானுக்குக் காய்ச்சல் தொடங்கியது. பிறகு நெஞ்சில் சளி கட்டியது.

தகரத்தை முதலில் குசினிக்குள் வைத்திருந்தேன். எறும்பு ஏறியது. உங்கள் வீட்டில் எறும்பு ஏறாத இடம் ஒன்றுதான் இருந்தது. அத்தானின் அறை அலுமாரியின் கால்கள் தண்ணீர்ப் பேணிகளில் நின்றன. அதன் மேலே, பழைய பெட்டிகளுக்குப் பின்னால் வைத்தேன். உங்களிடம் சொல்லவில்லை. நோயாளியின் அறைக்குள் புழுவா என்று ஏசுவீர்கள் என்று பயந்தேன்.

அதற்கு முன் ஒரே ஒரு தரம்தான் இந்தப் பூச்சியை வளர்த்திருக்கிறேன், டவுனில், மார்கழி மழைக்குள். அப்போது மண்ணுக்குள் போய் இருபத்திரண்டு நாளில் வெளிவந்தது. அதை வைத்து இதுவும் மே 28இல் வரும் என்று கொப்பியில் எழுதினேன். அதற்கு முதல் தகரத்தை டவுனுக்குக் கொண்டுபோய்விடலாம் என்பது என் எண்ணம். மார்கழிக்கும் வைகாசிக்கும் வெப்பம் வேறு என்பதை நான் யோசிக்கவில்லை. அத்தானின் நெஞ்சுக்கு ஒத்தணம் கொடுக்க அந்த அறையில் இரவும் பகலும் தணல்சட்டி இருந்தது. அந்தச் சூடு அலுமாரிக்கு மேலும் போகும் என்பதையும் யோசிக்கவில்லை. பதினைந்தாம் நாளே வந்துவிட்டது. அது மே 21, திங்கட்கிழமை.

அன்று பின்னேரம் மண்ணுக்குத் தண்ணீர் தெளித்தேன். துணியைத் திரும்பக் கட்டும்போது அத்தான் கூப்பிட்டார். ஒரு முடிச்சோடு விட்டுவிட்டு இறங்கினேன்.

இந்தப் பூச்சி பொழுதுபடும் நேரத்தில் மண்ணைப் பிரித்துக்கொண்டு வரும். வந்தவுடன் பறக்காது. சிறகு நனைந்த துணி போலச் சுருங்கியிருக்கும். எதிலாவது ஏறித் தொங்கி அதை விரித்துக் காயவைக்கும். பத்மாசனி யன்னலைத் திறந்தது எட்டு மணிக்கு. அந்த நேரம் அது அலுமாரிக்குப் பின்னால் சிறகு காயத் தொங்கிக்கொண்டிருந்திருக்க வேண்டும். எட்டரைக்கு நீங்கள் கத்தியது கேட்டு நான் ஓடிவந்தேன். நுளம்புவலையின் மேல் இருந்தது. நீங்கள் துவாயால் அடிக்க அது கீச்சிட்டது. பறந்து திரிந்த பூச்சியின் முதுகு மயிர் உதிர்ந்து அடையாளம் மங்கிப்போயிருக்கும். இதில் ஒரு மயிர் உதிரவில்லை. எங்கிருந்து வந்தது என்று கண்டவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் இரண்டாம் தரம் அடிக்க, அது யன்னலால் வெளியே போனது. பத்மாசனி திறந்த யன்னலால் அது போனது மட்டும்தான்.

விடிய முதல் தகரத்தை எடுத்துப் பார்த்தேன். துணி ஒரு பக்கம் விலகியிருந்தது. கோது வெடித்து வெறுமையாக இருந்தது. கிணற்றடிக்குப் பின்னால் தாட்டுவிட்டேன். திரும்பி வந்தபோது லாபிரின் கார் நின்றது. அத்தான் வரமாட்டேன் என்கிறார் என்றீர்கள். நெஞ்சுச் சளிக்குப் பெரியாசுப்பத்திரியில் ஊசி போட்டால் மாறும் என்று, வந்து பார்த்த அப்போதிக்கரி வைத்தியர் சொன்னது எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. அத்தானின் பக்கத்தில் போய், அது என்னுடைய பூச்சி என்று ஒரு வசனம் சொன்னால் போதும். வாய்வரை வந்தது. நீங்கள் பத்மாசனியை ஏசத் தொடங்கியிருந்தீர்கள். நான் சொல்லவில்லை.

காரணம் எழுத முயன்றுதான் மூன்று கடிதத்தைக் கிழித்தேன். காரணம் என்று ஒன்றுமில்லை. பயம்தான்.

பத்மாசனியைக் கூப்பிடுங்கள். என்னைக் கூப்பிட வேண்டாம் என்றால் அதையும் எழுதுங்கள்.

பாக்கியரத்தினம்


உப்புவெளி
01.05.1963

அன்புள்ள அக்காவுக்கு,

20ஆம் திகதி ஒரு கடிதம் போட்டிருந்தேன். கிடைத்ததோ தெரியவில்லை. தபால் தவறியிருக்கவும் கூடும். கிடைத்திருந்தால் ஒரு வரி எழுதினால் போதும், ஏசியென்றாலும்.

பாக்கியரத்தினம்


திரியாய்
04.05.1963

தம்பி,

கிடைச்சது. தபாற்காரனைக் குறை சொல்லாதே.

வாசிச்ச அண்டைக்கு அந்தக் கடுதாசியை அடுப்புக்குள்ள போடக் கொண்டு போனனான். போடவில்லை. கிணற்றடிக்குப் பின்னால மண்வெட்டியோட போய்க் கிண்டினன். தகரம் கறள் பிடிச்சுக் கிடக்குது. வெளிப்பக்கத்தில இங்கிலீசுக்காரன்ரை படம் இன்னும் தெரியுது. அந்தத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு மண்ணுக்குள்ள குந்தியிருந்து உன்னை ஏசினன். நேரில நிண்டிருந்தால் அறைஞ்சிருப்பன், உனக்கு அறுபத்திநாலு வயது எண்டும் பாராமல்.

பிறகு ஏச ஏலாமல் போச்சுது. ஏன் எண்டு சொல்லுறன். இதை நான் ஆருக்கும் சொன்னதில்லை.

உன்ரை அத்தான் அந்தப் பூச்சியைக் காணவே இல்லை. அவருக்குக் கண்ணில பூ விழுந்து இரண்டு வருசம், உனக்குத் தெரியுந்தானே. விளக்கு வெளிச்சத்தில என்ரை முகத்தையே அடையாளம் பிடிக்கமாட்டார். சத்தம்தான் கேட்டவர். நீங்கள் எல்லாம் வெளியில போன பிறகு என்னைக் கேட்டார், “என்ன கொழுந்து அது, எலியே?” எண்டு. ஓம் எலிதான், படுங்கோ எண்டு சொல்லியிருக்கலாம். நான் அவரின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதனான். “மண்டையோட்டைச் சுமந்துகொண்டு வந்திருக்குது, என்னைத் தனிய விட்டிட்டுப் போகப் போறியள்” எண்டு சொல்லிச் சொல்லி அழுதனான். அவர் என்ரை கையைத் தடவினவர். விடியக் காருக்கு ஏறமாட்டன் எண்டிட்டார். போற வழியில எங்கேயோ சாகிறதுக்கு இஞ்ச கிடந்து சாகிறன் எண்டவர்.

நீ தகரத்தைக் கொண்டுவந்து வைச்சனீ. நான் வாயால சொன்னனான். அவள் யன்னலைத் திறந்தவள், அந்த மனுசன் மூச்செடுக்க. எங்கள் மூண்டு பேரில ஏச்சு வாங்கினது அவள் மட்டும்.

முந்தநாள் கனகரத்தினத்தைக் கூப்பிட்டு என்ரை பங்கைச் சொன்னன். உன்ரை பங்கைச் சொல்லவில்லை. அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான், இரண்டு நாளாய் வீட்டுக்கு வரவில்லை. நிலாவெளியிலதான் நிப்பான்.

பதினாறாம் திகதிக்கு முதல் நீ நிலாவெளிக்குப் போய் அவளின்ரை முகத்தைப் பார்த்து உன்ரை பங்கைச் சொல்லவேணும். அதுக்குப் பிறகு அவளுக்கு வர மனமிருந்தால் வரட்டும்.

அக்கா


உப்புவெளி
06.05.1963

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதும் தகுதி எனக்கில்லை. ஆனால் நிலாவெளி விஷயம் ஒன்று. நேரில் போனால் நான் தடுமாறி விஷயத்தை ஒழுங்கில்லாமல் சொல்லிவிடுவேன். அவளுடைய தகப்பனாரும் கோபக்காரர். எல்லாவற்றையும் திகதி வாரியாகத் தெளிவாக எழுதி, கையொப்பமிட்டு, பதிவுத் தபாலில் பத்மாசனிக்கு அனுப்பினால் அதுவே கூடப் பொருத்தமாக இருக்காதா? அதை அவள் வைத்திருந்து யாருக்கும் காட்டலாம். யோசித்து எழுதவும்.

பாக்கியரத்தினம்


திரியாய்
08.05.1963

தம்பி,

பதிவுத் தபாலில் அவளுக்குப் பத்து மாதத்தையும் அனுப்ப ஏலுமெண்டால் அனுப்பு. ஏலாதெண்டால் பஸ்ஸில ஏறு.

அக்கா


உப்புவெளி
12.05.1963

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று நிலாவெளிக்குப் போய் வந்தேன். காலை பஸ்ஸைத் தவறவிட்டேன். வேண்டுமென்றே தவறவிட்டேனா என்று எனக்கே நிச்சயமில்லை. அடுத்த பஸ்ஸில் போனேன்.

கனகரத்தினம் அங்கே மாமனாரோடு வலை உலர்த்திக்கொண்டு நின்றான். என்னைக் கண்டும் வாருங்கள் என்று சொல்லவில்லை. பத்மாசனிதான் வெளியே வந்தாள். “வாங்கோ சின்னையா, இருங்கோ” என்று கதிரையை எடுத்துப் போட்டாள். உங்கள் தம்பி என்ற முறையில் என்னை எப்போதும் சின்னையா என்றுதான் கூப்பிடுவாள். மெலிந்திருக்கிறாள்.

நான் கொப்பியைத் திறந்தேன். ஏப்ரல் 29 என்று வாசிக்கத் தொடங்கினேன். புழுவின் நீளத்தை வாசிக்கும்போது அவள் தடுத்தாள். “கொப்பியை வையுங்கோ சின்னையா. என்ன விஷயம் எண்டு வாயால சொல்லுங்கோ.”

சொன்னேன். ஒழுங்கு பிசகியது. தணல்சட்டியை முதலிலும் முடிச்சைப் பிறகும் சொன்னேன். ஆனால் ஒன்றையும் விடவில்லை. அவளுடைய தகப்பனார் வலையைப் போட்டுவிட்டுக் கிட்ட வந்து நின்றார். “எடி பிள்ளை, இந்தப் பெரிய மனுசன் பூச்சி வளர்த்த கதைக்கோ உன்னை வீட்டைவிட்டுக் கலைச்சவை?” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை விட அவர் ஏசியிருக்கலாம்.

பத்மாசனி சிரிக்கவில்லை. பிறகு ஒரு கேள்விதான் கேட்டாள்.

“இது உங்களுக்கு எப்ப தெரியும்?”

“அன்று இரவே தெரியும்” என்றேன்.

“அப்ப, மாமா சாகுமட்டும், அதுக்குப் பிறகு முப்பத்தோராம் நாள் கிரியை முடியுமட்டும், மாமி என்னை ஏசேக்கை எல்லாம் நீங்கள் விறாந்தையில இருந்து கேட்டுக்கொண்டிருந்தனீங்கள்.”

“ஓம்.”

“நான் அழுதுகொண்டு தேத்தண்ணி கொண்டுவந்து தர, வாங்கிக் குடிச்சனீங்கள். சீனி காணுமோ, இன்னும் போடவோ எண்டு கேட்டனான். காணும் பிள்ளை எண்டனீங்கள்.”

அதற்கும் ஓம் என்றேன். சீனி கேட்டது எனக்கு நினைவில்லை. ஆனால் அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அவள் எழுந்து உள்ளே போனாள். கனகரத்தினம் பின்னால் போனான். உள்ளே கதை கேட்டது, விளங்கவில்லை. திரும்பி வந்து அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“ஆட்டைக்கு வாறன். மாமா என்னை ஒரு நாளும் ஏசினதில்லை. அவருக்குச் சமைச்சுப் படைப்பன். மாமி தன்ரை வாயால இவரிட்டைச் சொன்னவவாம், அவவோட எனக்குக் கோபமில்லை எண்டு சொல்லமாட்டன், ஆனால் வீட்டுக்கு வருவன். எல்லாருக்கும் பரிமாறுவன். உங்கடை இலைக்கு மட்டும் என்னைக் கொண்டு பரிமாற ஏலாது, சின்னையா. அதைக் கேக்காதேங்கோ.”

நான் கேட்கமாட்டேன் என்றேன். அவள் எனக்குத் தேத்தண்ணி தரவில்லை. பஸ் வரும்வரை வெயிலில் றோட்டோரம் நின்றேன். எவரும் உள்ளே வந்து நில்லுங்கள் என்று கூப்பிடவில்லை. அது சரிதான் என்று பட்டது.

இனித் திவச நாளைப் பற்றி. நான் 14ஆம் திகதி வருகிறேன். பந்திக்கு வராமல் கோயிலடியில் இருந்துவிடலாமா என்றுதான் பஸ்ஸில் வரும்போது முதலில் யோசித்தேன். காய்ச்சல் என்று சொல்லலாமா என்றும் யோசித்தேன். இரண்டையும் எழுதித்தான் விடுகிறேன், என் மனம் போகும் வழி உங்களுக்குத் தெரியட்டும்.

அப்படிச் செய்யமாட்டேன். மற்றவர்களோடு எனக்கும் ஒரு இலை போடுங்கள். அதில் நீங்கள் எதையும் வைக்க வேண்டாம், வேறு யாரையும் வைக்கவும் விடவேண்டாம். பத்மாசனி பக்கத்து இலைக்குப் பரிமாறிவிட்டு என்னைக் கடந்து போகட்டும். ஊரில் அவள் யன்னல் திறந்த கதை தெரியாதவர் இல்லை. இந்த இலை ஏன் வெறுமையாகக் கிடக்கிறது என்று யாராவது ஒருவர் கேட்பார். உங்களுக்கும் வாய் துடிக்கும். தயவுசெய்து நீங்கள் மறுமொழி சொல்லிவிடாதீர்கள், அக்கா. அது என்னிடம் கேட்கும் கேள்வி, நான்தான் சொல்ல வேண்டும்.

தம்பி
பாக்கியரத்தினம்